குடத்தில் வந்த கடல் அட்டைகள்

போன மாசியில் ஒரு சனிக்கிழமை காலை நானும் ரபீக்கும் புதுக்கோட்டையிலிருந்து கோட்டைப்பட்டினம் போனோம். ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று கடல் அட்டைகளோடு திரும்பி வந்தோம். கிளம்பும்போது மூன்றும் உயிரோடு இருந்தன. இந்த வாக்கியத்தை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் சோகப் பகுதி அதில்தான் இருக்கிறது.

அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு வருகிறவர்களும் அறிவியல் கண்காட்சிக்குக் கடல் பிராணிகள் கொண்டுவர வேண்டும் என்று சார் இப்போதே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து விடுதியில் ஆளாளுக்கு என் கட்டிலுக்கு வந்து, எந்த பஸ், எவ்வளவு காசு, அட்டை கடிக்குமா என்று கேட்கிறீர்கள். கடிக்காது. பல்லே கிடையாது. மற்றக் கேள்விகளுக்கு நம் கையெழுத்துப் பத்திரிகையில் இதோ பதில். இதைப் படித்த பிறகும் கேட்பவர்களுக்கு நான் தப்பான பஸ்ஸைத்தான் சொல்வேன்.

எல்லாம் ஒரு பாடத்தில் ஆரம்பித்தது. எலும்பே இல்லாத பிராணி எப்படி நகர்கிறது? நாம் கையை நீட்டினால் உள்ளே எலும்பு நிற்கிறது, தசை அதைப் பிடித்து இழுக்கிறது. மண்புழுவுக்கும் கடல் அட்டைக்கும் உள்ளே இருப்பது வெறும் தண்ணீர். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது என்றார் சார். ஆனால் தண்ணீரை நசுக்கிச் சிறிதாக்க முடியாது. உடம்பைச் சுற்றி வளையம் வளையமாக இருக்கும் தசைகள் இறுக்கினால், உள்ளே இருக்கும் தண்ணீர் வேறு போக்கிடம் இல்லாமல் முன்னும் பின்னும் ஓடும். உடம்பு மெலிந்து நீளும். நீளவாக்கில் போகும் தசைகள் இறுக்கினால் குட்டையாகித் தடிக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் அதுதான் நடை.

எனக்கு இது உடனே பிடிபட்டுவிட்டது. எங்கள் ஊர் திருமயத்துக்குப் பக்கம். அங்கே மாடு கட்டிக் கவலை இறைக்கும் சால் என்ற தோல் வாளியைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். காலியாகக் கிணற்றில் இறங்கும்போது அதன் அடியில் உள்ள தோல் குழாயான தும்பி துவண்டு தொங்கும். தண்ணீர் நிறைந்து மேலே வரும்போது யானைத் துதிக்கை மாதிரி விறைத்து நிற்கும். "தண்ணி இருந்தா சாலுக்குக் கவலையே இல்லை சார்" என்றேன். வகுப்பு சிரித்தது. சார் என்னை வெளியே நிற்கவைத்தார். மீதிப் பாடத்தை ஜன்னல் வழியாகக் கேட்டேன். எனக்கு அதுதான் வசதி. பெஞ்சில் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது என்பது ஊரறிந்த விஷயம்.

கண்காட்சி ஒரு திங்கட்கிழமை. உயிருள்ள அட்டை ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, அது நீள்வதையும் தடிப்பதையும் காட்ட வேண்டும் என்று சார் ஆசைப்பட்டார். அந்த வேலை ரபீக்கிடம் வந்தது. அவன் கோட்டைப்பட்டினத்துக்காரன், விடுதியில் என் பக்கத்துக் கட்டில். நான் ஒரு நிமிஷத்தில் வீணாக்கும் வார்த்தைகளை அவன் ஒரு மாசத்துக்கு வைத்துச் செலவழிப்பான். அவன் அப்பாவை அவன் அத்தா என்பான், நான் யூசுப் மாமா என்பேன். கடல் அட்டை வியாபாரி. அவித்துக் காயவைத்து, சீனர்கள் சாப்பிடக் கப்பலில் அனுப்புகிறவர்.

அதே வாரம் கோட்டைப்பட்டினத்திலிருந்து சந்தைக்கு வந்த ஒருவர் ரபீக்கிடம் சேதி சொல்லிவிட்டுப் போனார். "ஒங்க அத்தா திங்கக்கிழமை வாராரு. பெட்டியக் கட்டி வைக்கச் சொன்னாரு. பங்குனிக் கப்பல்ல நீ பினாங்கு போறியாம்." பினாங்கில் அவன் பெரியத்தாவுக்குக் கடை இருக்கிறது. இவன் பள்ளியில் முதல் மாணவன். இன்னும் ஒரு வருஷம் இருந்தால் பதினோராம் வகுப்பு முடித்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிடுவான்.

சேதி வந்த அன்று ரபீக் சாப்பிடவில்லை. நான்தான் இரண்டு பேர் சாப்பாட்டையும் சாப்பிட்டேன். எங்கள் வீட்டில் அப்பாவை அப்பச்சி என்போம், அவரும் பினாங்கில்தான் இருக்கிறார். கப்பல் ஏறினவர்கள் எப்படித் திரும்பி வருவார்கள் என்று எனக்குத் தெரியும். பெட்டி பெரிதாக இருக்கும், பேச்சு சிறிதாக இருக்கும். ரபீக்கிடம் ஏற்கெனவே பேச்சு சிறிது. அது இன்னும் குறைந்தால் என்ன மிஞ்சும்?

ஆகவே பயணத்துக்கு இரண்டு காரணங்கள். சாருக்காக அட்டையைப் பிடிப்பது. எங்களுக்காக அத்தாவைப் பிடிப்பது.

காலை ஆறு மணிக்கு அறந்தாங்கி பஸ். இருபத்தோரு மைல். டிக்கெட் ஒரு ரூபாய் ஐந்து நயா பைசா. சீக்கிரம் போனால் ஜன்னல் ஓரம் கிடைக்கும். நான் மூன்று ஜன்னல்களில் மாறி மாறி உட்கார்ந்தேன். கண்டக்டர் அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"தம்பி, டிக்கெட் ஒரு எடத்துக்குத்தான் குடுத்தேன். பஸ்ஸு பூரா ஒக்காந்து பாக்குறதுன்னா பஸ்ஸு பூராவுக்கும் காசு வை."

"நின்னுக்கிட்டே வந்தா காசத் திருப்பித் தருவீங்களாண்ணே?"

"எறக்கி விட்டுர்றேன், நடந்தே வா. அது ஓசி."

செம்மண், முந்திரிக் காடு, தண்ணீர் வற்றிய கண்மாய், மறுபடியும் செம்மண். அறந்தாங்கியில் இறங்கியதும் மணமேல்குடி பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒன்றரை மணியில் நான் பஸ் ஸ்டாண்டை ஏழெட்டுத் தரம் சுற்றினேன். ரபீக் ஒரே இடத்தில் உட்கார்ந்து எதிரே இருந்த சுவரைப் படித்தான். சுவரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மணமேல்குடிக்குப் பிறகு தெற்கே போகப் பஸ்ஸை நம்பாதீர்கள். வந்தால் வரும். நாங்கள் உப்பு ஏற்றப் போன ஒரு மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டோம். வண்டிக்காரர் காசு வாங்கவில்லை. வழியெல்லாம் நான் சொன்ன விடுகதைகளுக்கு ஒன்றுக்கும் பதிலும் சொல்லவில்லை. இறங்கும்போது மட்டும் ரபீக்கைப் பார்த்து, "இந்தப் புள்ள எப்பத் தூங்கும்?" என்று கேட்டார்.

கோட்டைப்பட்டினத்துக் கடலில் அலை இல்லை. எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. கடல் என்றால் ஒரு சத்தம் போட வேண்டாமா? பெரிய கண்மாய் ஒன்றுக்கு எதிர்க்கரை கட்ட மறந்துவிட்டார்கள் போல இருந்தது. ஆனால் அட்டை பார்க்கிறவர்களுக்கு இதுதான் தோதான கடல். தண்ணீர் வற்றும் நேரத்தில் இடுப்பளவில் வெகுதூரம் நடந்துபோகலாம். கீழே கடல் புல் தெளிவாகத் தெரியும்.

யூசுப் மாமா கரையில் ஓலைக் கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கட்டம் போட்ட சாரம், மேலே துண்டு, கையில் ஓர் ஆள் உயரத் துடுப்பு. முன்னால் பெரிய கொப்பரையில் அட்டைகள் கொதித்துக்கொண்டிருந்தன. அந்த வாசனையை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. மூக்கு உள்ளவர்கள் காற்று வரும் பக்கமாக நில்லுங்கள்.

"வாங்க தம்பி. இங்கிட்டு நெழல்ல ஒக்காருங்க."

"அவனுக்கு ஒக்காரத் தெரியாது அத்தா" என்றான் ரபீக்.

"அப்ப நம்ம தொழிலுக்குத்தான் ஆகும். இந்தாங்க, பிடிங்க" என்று வாளியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

ஒரு சாண் நீளம். வயிறு வெளுப்பு, முதுகு சாம்பல். முதலில் ஊறின அப்பளம் போல நழுவியது. நான் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன். பிடித்த பிடியிலேயே அது இறுகியது. என் கையில் இருந்தது இப்போது ஒரு மரக்கட்டை. அடுத்த கணம் பின்பக்கத்திலிருந்து என் சட்டைமேல் சர்ரென்று தண்ணீர் அடித்தது.

"பயந்துருச்சு மாமா."

"எது? அதுவா, நீங்களா?"

"எங்கிட்டு இருந்து அடிச்சுச்சு இது?"

"கழியிற பக்கத்துலேருந்துதான். மூச்சு விடுறதும் அங்கிட்டுத்தான்" என்றார் மாமா, சாதாரணமாக.

விடுதிக்கு எடுத்துப்போக இதைவிட நல்ல சேதி இருக்க முடியாது என்று தோன்றியது. இன்றுவரை இந்த விஷயத்தை நான் யார் யாருக்கு உவமையாகப் பயன்படுத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

பிற்பகலில் நானும் ரபீக்கும் தண்ணீரில் இறங்கினோம். அங்கே அவன் வேறு ஆள். குனிந்து மணலைக் காட்டினான். ஓர் அட்டை பாதி புதைந்து கிடந்தது. முன்பகுதி ஊசியாக மெலிந்து மணலுக்குள் நுழைந்தது. பிறகு உள்ளே போன பகுதி தடித்தது, மணலில் ஆப்பு அடித்தது போல. பின்பகுதி சுருங்கி முன்னால் வந்து சேர்ந்தது. சார் கரும்பலகையில் போட்ட படம் மணலுக்குள் நடந்துகொண்டிருந்தது. ஆனால் எவ்வளவு மெதுவாக! நான் அதற்குள் மூன்று தரம் கரைக்குப் போய் வந்துவிட்டேன்.

ஒரு சொறி மீன் குடை மாதிரி விரிந்து சுருங்கிப் போனது. அதைத் தொடாதீர்கள், அரிக்கும், நான் தொட்டுப் பார்த்துவிட்டேன். கணவாய்க் குஞ்சு ஒன்று உள்ளே வாங்கின தண்ணீரைக் குழாயால் பீய்ச்சிப் பின்பக்கமாகவே பறந்தது. கல் இடுக்கில் கைப்பிடி அளவுக்கு ஒரு பேய்க்கணவாய், எட்டுக் கை ஆக்டோபஸ், இருந்தது. அதன் கை ஒன்று நீண்டு ரபீக்கின் விரலைச் சுற்றியது.

"இதோட கைக்குள்ள தண்ணிப் பை எங்கடா இருக்கு?" என்றேன்.

"பை இல்லை. முழுக்கச் சதை. சதையே பாதிக்கு மேல தண்ணிதானே. ஒரு பக்கம் மெலிஞ்சா இன்னொரு பக்கம் நீண்டுதான் ஆகணும்."

ஒரே மூச்சில் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இதை அவன் அத்தாவிடம் பேச வேண்டுமே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

பேச்சு இரவுச் சாப்பாட்டில் வந்தது. மாமாதான் எடுத்தார்.

"அட்டையப் பத்தி ஏதோ காட்டப் போறியாமே, சந்தைக்குப் போனவரு சொன்னாரு."

"ஆமாத்தா."

"நான் ஒன் வயசுலேருந்து அட்டை அவிக்கிறேன். எனக்குத் தெரியாதது அதுல என்னடா இருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். ரபீக் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான்.

"ஒண்ணு சொல்லு, ரபீக்கு. எனக்குத் தெரியாத ஒண்ணே ஒண்ணு. நீ சொல்லிப்புட்டா, சரி, பெரிய பரீட்சை முடியட்டும்னு விடுறேன். இல்லைன்னா இந்தப் படிப்பு கடை பாக்குறதுக்குப் போதும்."

"திங்கக்கிழமை காட்டுறேன்த்தா. உயிரோட காட்டுனாத்தான் தெரியும்."

"நானும் திங்கக்கிழமை பெட்டி கட்டத்தான் வாரதா இருந்தேன். நாளைக்கே ஒங்களோட கெளம்பி வாரேன். ரெண்டு சோலியும் ஒண்ணா முடிஞ்சுரும்."

ஞாயிறு காலையில் மூன்று நல்ல அட்டைகளை மண்குடத்தில் கடல் தண்ணீரோடு விட்டு, வாயை ஈரத் துணியால் கட்டினோம். மாமா கொட்டகைத் தூணில் தொங்கிய தேங்காய் நார்க் கயிற்றை எடுத்து, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். பெட்டி கட்டுவதற்காக. மணமேல்குடி பஸ்ஸில் அந்தக் கயிறு அவர் மடியில் பாம்பு மாதிரி சுருண்டு படுத்திருந்தது. ரபீக் குடத்தை மடியில் வைத்திருந்தான். நான் இரண்டையும் பார்க்காமல் இருப்பதற்காகக் கண்டக்டரோடு பேசிக்கொண்டே வந்தேன்.

"குடத்துல என்ன தம்பி?" என்று பக்கத்து சீட்டுப் பெரியவர் கேட்டார்.

"எலும்பில்லாத சொந்தக்காரங்கய்யா. புதுக்கோட்டையில விசேஷம், கூட்டிக்கிட்டுப் போறோம்."

அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஜன்னலும் எனக்குக் கிடைத்தது.

அறந்தாங்கியில் இறங்கும்போது நண்பகல் தொழுகை நேரம். மாமாவும் ரபீக்கும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். "குடத்தை விட்டு நகராதடா, சோமு" என்று ரபீக் இரண்டு தரம் சொன்னான். நகராமல் இருப்பது எப்படி என்று அவன் சொல்லித் தரவில்லை. வேப்பமரத்தடியில் மோர் விற்கும் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். குடத்தை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, "அக்கா, இதுக்குள்ள உசுரு இருக்கு, ஒரு நிமிஷம் பாத்துக்கங்க" என்றேன்.

அந்த ஒரு நிமிஷத்தில் நான் செய்தது இவ்வளவுதான். நின்றுகொண்டிருந்த ஒரு பஸ்ஸின் பின்னால் போய், "மதுரை, மதுரை, எடமிருக்கு, ஏறு!" என்று கூவினேன். அது பட்டுக்கோட்டை பஸ். மூட்டை முடிச்சோடு ஒரு கல்யாணக் கூட்டமே ஏறிவிட்டது. கண்டக்டர் என்னைத் துரத்த, நான் இரண்டு தெரு ஓடி, ஒரு மரக்கடைக்குள் ஒளிந்து, வேறு வழியாகத் திரும்பி வந்தேன்.

மோர்க்கார அக்கா சிரித்த முகத்தோடு இருந்தார்.

"வந்துட்டியா தம்பி. என்ன புள்ளைங்கய்யா நீங்க! உசுரு இருக்குன்னு சொல்லிப்புட்டு இப்புடியா விட்டுட்டுப் போறது? துணிய அவுத்துப் பாத்தேன், தண்ணி கொறஞ்சு கெடந்துச்சு. விரல்ல தொட்டு நாக்குல வச்சா ஒரே உப்பு. இதுல எப்புடி உசுரு நிக்கும்? எல்லாத்தையும் கொட்டிப்புட்டு நல்ல தண்ணியா ஊத்தி வச்சேன். மூணு தெரு தள்ளிச் சுமந்தாந்த தண்ணி."

எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீரை யாரும் சும்மா ஊற்ற மாட்டார்கள். தாகத்தோடு வருகிற ஆளுக்கும் மாட்டுக்கும் மட்டும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அந்த அக்கா தன் மோருக்கென்று வைத்திருந்த தண்ணீரை என் அட்டைகளுக்கு ஊற்றியிருந்தார். நல்ல தண்ணீரே விஷமாகும் உயிர்களுக்கு.

குடத்துக்குள் பார்த்தேன். மூன்றும் குடலை வெளியே கக்கிவிட்டிருந்தன. உடம்பு ஊதி, தோல் வழுவழுவென்று தொங்கியது. விரலால் அழுத்தினேன். இறுகவில்லை.

தொழுதுவிட்டு வந்த ரபீக் பார்த்தான். மாமாவும் எட்டிப் பார்த்தார்.

"நல்ல தண்ணியா? முடிஞ்சுச்சு" என்றார் மாமா. கோபமில்லை. அதுதான் மோசம். தோளில் இருந்த கயிற்றைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"என்ன தம்பி, தப்பாச் செஞ்சுட்டேனா?" என்றார் அக்கா. முகம் சுருங்கிவிட்டது.

"இல்லைக்கா. ரொம்ப தூரம் வந்த அலுப்பு அதுக்கு" என்றான் ரபீக். அவர் கொடுத்த மோரையும் வாங்கிக் குடித்தான். நானும் குடித்தேன்.

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் அந்த இருபத்தோரு மைலும் நான் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தேன். சனிக்கிழமை வந்த அதே கண்டக்டர் அண்ணன்தான். டிக்கெட் கொடுக்கும்போது, "ஒடம்பு சரியில்லையா தம்பி?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை. உயிரியல் மேசையில் கண்ணாடித் தொட்டி காலியாக இருந்தது. பக்கத்தில் தட்டில் மூன்று தோல் பைகள். சார் என்னைப் பார்த்தார். "சோமசுந்தரம், இது உன் வேலையாகத்தான் இருக்கும்" என்றார். எப்படித்தான் கண்டுபிடிப்பாரோ!

பத்து மணிக்கு, இரவு தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்த யூசுப் மாமா வந்தார். கயிறு தோளில்தான் இருந்தது. மேசைக்கு முன்னால் வந்து நின்று தட்டைப் பார்த்தார்.

ரபீக் ஒரு செத்த அட்டையைக் கையில் எடுத்தான்.

"அத்தா, இது உசுரோட இருந்தப்ப எம்புட்டு நீளம்?"

"ஒரு சாண். என்ன கேள்வி இது?"

"அவிச்சுக் காயவச்சா?"

"நடுவிரல் அளவு."

"மிச்சம் எங்கிட்டுப் போச்சு?"

"எங்கிட்டுப் போகும்? கீறிப் பிழிஞ்சா தண்ணியா வடிஞ்சு போயிரும்."

"அதாத்தா அதோட எலும்பு" என்றான் ரபீக். "அந்தத் தண்ணியப் பிடிச்சுக்கிட்டுத்தான் அது நடக்குது, மண்ணத் தோண்டுது. நீங்க அட்டைய விக்கிறீங்க. எலும்பை நெதம் மணல்ல ஊத்திட்டு வாரீங்க."

சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. பார்வையிட வந்த அதிகாரியும் நின்றுவிட்டார். "நகர்வதை எப்படிக் காட்டுவாய்? இது செத்துவிட்டதே" என்றார்.

ரபீக் என் பக்கம் திரும்பினான். அவன் கண்ணில் அப்படி ஒரு குறும்பை நான் பார்த்ததே இல்லை. என்னிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

"சோமு, நாக்கை நீட்டு."

சாருக்கு முன்னால், அதிகாரிக்கு முன்னால், அரைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால், உத்தரவின் பேரில் நான் நாக்கை நீட்டினேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பெருமையான நிமிஷம் இனி வரப்போவதில்லை.

"இதுக்குள்ள எலும்பு இல்லை" என்றான் ரபீக். "தள்ளிவிடப் பின்னாடி ஒண்ணும் இல்லை. ஆனா வெளியே வருது. எப்புடி? டேய், கூரா நீட்டு. பாருங்க, மெலிஞ்சாத்தான் நீளுது. இப்பச் சுருக்கு. பாருங்க, தடிச்சிருச்சு. அட்டைக்குள்ள பை நெறையத் தண்ணி, இதுல சதையில ஊறின தண்ணி. பேய்க்கணவாய்க் கை மாதிரி. கணக்கு ஒண்ணுதான். தண்ணி சின்னதாகாது. ஒரு பக்கம் நசுக்கினா இன்னொரு பக்கம் போயே தீரும்."

"சரியாகச் சொன்னாய்" என்றார் சார். "சோமசுந்தரம், போதும், உள்ளே வை." நான் உடனே வைக்கவில்லை. இன்னும் நாலு பேர் பார்க்கவில்லையே.

அன்று பிற்பகல் முழுக்க எங்கள் மேசையில்தான் கூட்டம். வந்தவர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் நாக்கைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அதிகாரி மட்டும் உதட்டை மூடிக்கொண்டு செய்து பார்த்தார். கன்னம் காட்டிக்கொடுத்துவிட்டது. யூசுப் மாமா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். பின்னாலிருந்து பார்த்தேன். அவர் தாடையும் அசைந்துகொண்டுதான் இருந்தது.

திரும்பி வந்து ரபீக்கைக் கேட்டார்.

"தண்ணிதான் எலும்புங்கிறே. ஒத்துக்கிறேன். அப்ப, கையில எடுத்தா மரக்கட்டையாட்டம் எறுகுதே. தண்ணி எறுகுமா?"

ரபீக் செத்த அட்டையின் தோலை விரலால் அழுத்திப் பார்த்தான். "தோல்லதான் ஏதோ நடக்குது. என்னன்னு தெரியலைத்தா."

மாமா சாரைப் பார்த்தார். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் தெரியாதுங்க. எங்க புஸ்தகத்துல இல்லை. இந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாரும் என்கிட்டே கேட்டதும் இல்லை."

"கேக்கணுமே" என்றார் மாமா. "தெரிஞ்சுக்கணுமே."

மாலையில் விடுதிக்கு வந்தார். ரபீக்கின் தகரப் பெட்டிமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருவரும் கதவருகே நின்றோம். நான் அசையக்கூட இல்லை. வேண்டுமானால் ரபீக்கைக் கேளுங்கள். எழுந்தார், துண்டை உதறிப் போட்டுக்கொண்டார், ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பெட்டிமேல் கயிறு சுருட்டினபடியே கிடந்தது.

ரபீக் அதை எடுத்துக்கொண்டு ஓடினான். "அத்தா, கயிறு!"

அவர் வாசலில் நின்று திரும்பினார். "இருக்கட்டும், வச்சுக்க. அடுத்த தடவை குடத்தை நல்லா எறுக்கிக் கட்டு. தோல்ல என்ன நடக்குதுன்னு பாத்து எனக்குச் சொல்லு."

பினாங்குக் கப்பல் பங்குனியில் போனது. நாங்கள் அன்று கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தோம். நான் கொஞ்சமாக எழுதினேன், ரபீக் நிறைய எழுதினான்.

இனி, போகப்போகிறவர்களுக்கு. மாசி, பங்குனியில் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கடலும் சத்தம் போடுமாம். தண்ணீர் வற்றும் நேரத்தை ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். அட்டையைப் பிடித்தால் முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள், ஏன் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஒரு குடத்துக்கு ஓர் அட்டை போதும். கடல் தண்ணீர் இன்னொரு குடம் தனியாகக் கொண்டுவாருங்கள், வழியில் மாற்றுவதற்கு. அறந்தாங்கியில் மோர்க்கார அக்காவைப் பார்த்தால் மோர் வாங்கிக் குடியுங்கள், ஆறு நயா பைசா. குடத்தில் இருப்பது உப்புத் தண்ணீரில்தான் பிழைக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய கதையைச் சொல்லாதீர்கள். நாங்களும் சொல்லவில்லை. பட்டுக்கோட்டை பஸ் கண்டக்டர் என்னைப் பற்றி விசாரித்தால் எனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.

நான் ஓர் இடத்தில் இருந்திருந்தால் அட்டைகள் பிழைத்திருக்கும். பிழைத்திருந்தால் தொட்டிக்குள் அவை நடப்பதை மாமா பார்த்திருப்பார். தினமும் பார்ப்பதுதானே என்று கயிற்றை எடுத்திருப்பாரோ என்னவோ. இதை நினைத்தால் எனக்கு மறுபடியும் இருப்புக்கொள்ளாமல் போகிறது. ஆகவே இத்தோடு எழுந்துகொள்கிறேன்.

குடம் கட்டக் கயிறு வேண்டுமே என்று கடைக்குப் போகாதீர்கள். நம் விடுதிக் கிணற்றடியில் துணி காயப் போட்டிருக்கிறோமே, அந்தத் தேங்காய் நார்க் கயிறு நல்ல உறுதி. ரபீக்கிடம் கேட்டால் அவிழ்த்துத் தருவான். இன்னும் ஒரு வருஷத்துக்கு அவன் இங்கேதான் இருக்கிறான்.